திருக்கோயிலும் ஆதுலர் சாலையும்

திருக்கோயில் என்றவுடன் அன்பர்தம் உள்ளத்தே எழுவன விண்ணளாவிய கோபுரமும், கருவறைத் தீபமும், காலந்தோறும் முழங்கும் மணியோசையும், திருநீறும் திருத்துழாயும் கமழும் திருமுற்றமுமே ஆகும். அத்திருமுற்றத்தின் ஒருபால் நோயாளர் பதினைவர் படுத்திருப்பதும், அவர்க்கு நாள்தோறும் அரிசி அளந்து கொடுக்கப்பெறுவதும், அவர் உறங்கும் இடத்தில் இரவெல்லாம் ஒரு விளக்கு எரிவதும் இன்று எளிதில் மனக்கண் முன் தோன்றா. எனினும், தொள்ளாயிரத்தைம்பது ஆண்டுகட்கு முன்னர்த் தமிழகத்துத் திருக்கோயில் ஒன்றில் இக்காட்சி மெய்யாகவே நிகழ்ந்தது. கல்லிற் பொறித்து வைத்தமையால் அது காலத்தை வென்று இன்றும் நின்று பேசுகின்றது.

அக்கல் பேசும் செய்தி யாது? இறைவனை வழிபடுதலும் நோயாளரைப் பேணுதலும் இரண்டல்ல என்பதே அது. திருவருளை நம்புகின்றவன் மருந்தை வெறுக்க வேண்டுவதில்லை. மருந்தை உண்ணுகின்றவன் திருவருளை மறக்க வேண்டுவதும் இல்லை. உடலுக்கு மருந்தும், வயிற்றுக்கு உணவும், மனத்துக்கு ஆறுதலும், உயிருக்கு இறைவன் திருவடியும் ஒருங்கே கிடைத்தாலன்றி நோயாளன் முழுநலம் பெறான் என்பது முன்னோர் கண்ட முடிபு. குடமுழுக்கு விழாக் காணும் நன்னாளில் இவ்வரலாற்றை நினைவுகூர்தல் பொருத்தமுடையதாகும்.

நான்கு கால்கள்

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் 95ஆவதாக அமைந்துள்ளது. அதன்கண் வள்ளுவப் பெருந்தகையார் மருந்தின் பெயர் ஒன்றையேனும் கூறினாரல்லர். முன்பு உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணுதலையே முதற்கண் வற்புறுத்தினார். பின்னர், நோயின் இயல்பையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தே மருத்துவம் செய்தல் வேண்டும் என்றார். அதிகாரத்தின் முடிவில், மருத்துவம் என்பது நான்கு கூறுகளை உடையது என்று வரையறுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து கொடுப்பவன் என்பன அந்நான்கு. சரகர் முதலிய வடமொழி மருத்துவ நூலோரும் இங்ஙனமே நாற்பாதம் கூறுவர். கட்டிலுக்கு ஒரு கால் ஒடியினும் அது நில்லாதவாறு போல, இந்நான்கனுள் ஒன்று குறையினும் மருத்துவம் நிலைபெறாது என்க.

நோயாளனுக்கு அருகிருப்பவனை மருத்துவனுக்கும் மருந்துக்கும் ஒப்பவைத்து எண்ணிய நுட்பம் போற்றத்தக்கது. மருந்து நோயைத் தாக்கும். அருகிருப்போரின் அன்போ நோயாளனைத் தாங்கும். இந்நான்கு கூறுகளும் ஏட்டில் மட்டும் நின்றுவிடவில்லை. பிற்காலத்தே திருக்கோயில்களில் உருப்பெற்றன என்பதைக் கல்வெட்டுக்களே காட்டும்.

அருளாளர் வரலாறு

நோயும் அருளும் சந்திக்கும் இடங்கள் அடியார் வரலாற்றிற் பல உள. மருணீக்கியார் சமண் சமயத்திலிருந்த காலத்தில் கொடிய சூலைநோய் அவரைப் பற்றியது. அங்குள்ளார் செய்த முயற்சிகள் பயன்படாதுபோகவே, அவர் தம் தமக்கையார் திலகவதியாரை நாடித் திருவதிகைக்கு வந்தார். தமக்கையார் திருநீறளித்துத் திருவீரட்டானத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கே முதற்பதிகம் பிறந்தது, சூலையும் நீங்கிற்று, திருநாவுக்கரசர் தமிழகத்திற்குக் கிடைத்தார். திருவருளின் பெருமையைக் கூறும் இவ்வரலாற்றில், உடன்பிறந்தாளின் அன்பும் பணிவிடையும் எத்துணைப் பங்கு கொள்கின்றன என்பதையும் அன்பர்கள் எண்ணுதல் வேண்டும்.

திருஞானசம்பந்தப் பெருமான் திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லிமழவன் மகளை வருத்திய முயலகன் என்னும் நோயைத் தீர்த்தருளினார். கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைப் பற்றிய குளிர்சுரத்தைப் பதிகம் பாடிப் போக்கினார். மதுரையில் பாண்டியனது வெப்புநோயைத் திருநீற்றால் தணித்தார். புள்ளிருக்குவேளூரில் இறைவன் வைத்தியநாதன் என்றே திருநாமம் கொண்டு வீற்றிருக்கின்றான். அம்மை தையல்நாயகி தைலப் பாத்திரம் ஏந்தி உடன் வந்தாள் என்று தலவரலாறு கூறும். அங்கு வழங்கப்பெறும் திருச்சாந்துருண்டையை நோயாளர் இன்றும் பத்தியோடு பெறுகின்றனர். திருவான்மியூரில் இறைவன் மருந்தீசன் ஆவான். அகத்திய முனிவர்க்கு மூலிகைகளின் தன்மையை அவனே உணர்த்தினான் என்பது அத்தலத்து மரபு. வைணவ மரபிலோ, பாற்கடல் கடைந்த ஞான்று அமுதகலசம் ஏந்தித் தோன்றிய தன்வந்திரிப் பெருமான் மருத்துவத்திற்கே தெய்வமாக வணங்கப்பெறுகின்றான்.

இவையெல்லாம் கொண்டு, பண்டைத் தமிழர் நோயுற்றபோது பதிகம் பாடியதோடு அமைந்தனர் போலும் என்று சிலர் கருதக்கூடும். அக்கருத்துப் பொருந்தாது. பதிகங்களை நாள்தோறும் ஓத நிவந்தம் அமைத்த அதே சோழர் காலத்திலேதான், திருக்கோயில்களில் மருத்துவர்க்கும் அறுவை செய்வோர்க்கும் நெல் அளக்கப்பெற்றது. அன்னோர் ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றாகக் கருதினாரல்லர்.

பழைய அறம்

நோயாளர்க்கு மருத்துவம் அளிப்பது அரசர்க்குரிய அறமாக இந்நாட்டில் நெடுங்காலமாகவே எண்ணப்பட்டுள்ளது. கி. மு. 3ஆம் நூற்றாண்டில் மௌரியப் பேரரசன் அசோகன் தன் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மக்களுக்கும் விலங்குகளுக்கும் இருவகை மருத்துவம் ஏற்பாடு செய்யப்பட்டதையும், மூலிகைகள் இல்லாத இடங்களில் அவை கொணர்ந்து நடப்பெற்றதையும் குறித்துள்ளான். அவ்வறம் சென்று பரவிய எல்லைநாடுகளுள் சோழர், பாண்டியர் முதலியோர் நாடுகளும் அக்கல்வெட்டில் எண்ணப்பெறுகின்றன.

சோழப் பேரரசின் காலத்தில் இவ்வறம் திருக்கோயிலோடு இணைந்தது. முதலாம் இராசராசனின் தமக்கையார் குந்தவைப் பிராட்டியார் தம் தந்தையாராகிய சுந்தரசோழரின் பெயரால் தஞ்சையில் 'சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர் சாலை' ஒன்றனை நிறுவினார். ஆதுரர் என்னும் வடசொல் நோயுற்றோரைக் குறிக்கும்; அதுவே தமிழில் ஆதுலர் என வழங்கிற்று. எனவே ஆதுலர் சாலை என்பது இக்கால வழக்கில் மருத்துவமனையே ஆகும். முதலாம் இராசேந்திரன் காலத்தில், அச்சாலைக்கென அப்பிராட்டியார் நிலம் அளித்ததைக் கல்வெட்டுக்கள் தெரிவிக்கின்றன. அச்சாலையின் மருத்துவர் சவர்ணன் அரையன் மதுராந்தகன் என்பவர். தந்தையின் நினைவுக்குப் பிராட்டியார் தேர்ந்துகொண்ட சின்னம் பிணியாளர்க்கு ஒரு நிழல் என்பது எண்ணுந்தோறும் உள்ளத்தை உருக்குவதாகும்.

ஊர் மருத்துவர்க்கும் இவ்வாறே காணிகள் இருந்தன. மருத்துவம் செய்வார்க்கு விடப்பெற்ற நிலம் மருத்துவக் காணி எனப்பட்டது. பாம்பு முதலியவற்றின் நஞ்சைப் போக்குவார்க்கு அளிக்கப்பெற்றது விஷஹர போகம் எனப்பட்டது. மருத்துவன் தன் வயிற்றுப்பாட்டிற்காக நோயாளன் கையை நோக்கி நில்லாவண்ணம் ஊரும் கோயிலும் அவனைத் தாங்கின.

திருமுக்கூடலில் ஒரு கல்வெட்டு

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் அமைந்தது திருமுக்கூடல். ஆற்றின் எதிர்க்கரையிலே பழையசீவரம் விளங்குகின்றது. திருமுக்கூடலில் எழுந்தருளியுள்ள வெங்கடேசப் பெருமாள் திருக்கோயிலில், வீரராசேந்திர சோழனது 6ஆம் ஆட்சியாண்டில் வெட்டப்பெற்ற நெடிய கல்வெட்டு ஒன்று உளது. கி. பி. 1069ஐ ஒட்டியது அதன் காலம்.

வீரராசேந்திரன் வாழ்நாளெல்லாம் போர்க்களத்திற் கழித்த மன்னன். கல்வெட்டின் தொடக்கம் அவன் சாளுக்கியரோடு பொருது பெற்ற வெற்றிகளையே விரித்துரைக்கின்றது. யானைகளும் குதிரைகளும் முடிகளும் கவர்ந்த செய்திகளை முழக்கிய அதே கல்வெட்டு, பின்னர்க் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்கு எத்துணை அரிசி என்று நாழிக்கணக்குச் சொல்லத் தொடங்குகின்றது. அவ்வெற்றிகளால் வந்த நாடுகள் சோழர் கையை விட்டுப் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆயின. நாழியரிசிக் கணக்கோ இன்றும் கற்றோரால் வியந்து படிக்கப்படுகின்றது.

இக்கோயிலுக்குரிய தேவதானமாகிய வயலைக்காவூரின் வருவாய் எவ்வெவற்றிற்குச் செலவிடப்படல் வேண்டும் என்பதே கல்வெட்டின் பொருள். திருவமுது, திருவிளக்கு, திருவிழா ஆகியவற்றின் செலவு முன்னே கூறப்பெறுகின்றது. அதன் பின்னர், கோயிலைச் சார்ந்த சனநாத மண்டபத்தில் நடந்த கல்லூரியின் செலவு வருகின்றது. அங்கே இருக்கும் யசுரும் பயின்ற மாணவரும், வியாகரணம் பயின்ற மாணவரும் இருந்தனர். பாஞ்சராத்திரரும் வைகானசரும் மட்டுமன்றிச் சிவப்பிராமணரும் அங்கு உணவு பெற்றனர். திருமால் கோயிலின் பந்தியில் சிவனடியார்க்கும் இலை போடப்பட்டது என்பது மனங்கொளத் தக்கது. மாணவர் சனிக்கிழமைகளில் தலைமுழுகுதற்கு எண்ணெய் அளிக்கவும் கல்வெட்டு மறக்கவில்லை. நோய் வந்தபின் மருந்து தேடுவதினும் வாராமற் காத்தல் நன்று என்னும் தெளிவு அவ்வெண்ணெய்க் கணக்கிற் புலனாகின்றது.

அம்மாணவர்க்கும், ஆசிரியர்க்கும், கோயிற் பணியாளர்க்கும் நோய் வந்தால் கிடந்து மருத்துவம் பெறுதற்கென அமைந்ததே 'வீரசோழன்' என்னும் ஆதுலர் சாலை. அதன்கண் 15 நோயாளர்க்கு இடம் இருந்தது. நோயாளர் ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் ஒரு நாழி அரிசி அளக்கப்பெற்றது. இனி, அங்குப் பணிபுரிந்தோரையும் அவர்க்கு ஓராண்டிற்கு அளந்த நெல்லையும் நோக்குதல் வேண்டும்.

தலைமை மருத்துவர் சவர்ணன் கோதண்டராமன் அச்வத்தாம பட்டன் என்பவர். அவர்க்கு நாள் ஒன்றுக்கு 3 குறுணியாக ஆண்டிற்கு 90 கலம் நெல்லும் 8 காசும் அளிக்கப்பெற்றன. சல்லியக் கிரியை, அஃதாவது அறுவை மருத்துவம், செய்வான் ஒருவனுக்கு 30 கலம் நெல். மூலிகை பறித்து, விறகு கொணர்ந்து, மருந்து அடுவார் இருவர்க்கு 60 கலம். நோயாளரைப் பேணி மருந்தூட்டும் பெண்டிர் இருவர்க்கு 30 கலம். நாவிதன் ஒருவனுக்கு 15 கலம். இவரேயன்றித் தண்ணீர் கொணர்வானும் இருந்தான். சாலையில் இரவு முழுதும் எரிய விளக்கொன்றும் அமைக்கப்பெற்றது.

12 குறுணி கொண்டது ஒரு கலம். அவ்வளவை கொண்டு கணக்கிட்டால் ஒரு செய்தி விளங்கும். மூலிகை பறிப்பார் ஒவ்வொருவரும் ஆண்டிற்கு 30 கலம் பெற்றனர். அறுவை மருத்துவன் பெற்ற நெல்லும் அதுவே. காட்டில் திரிந்து தழை பறிப்பவனை எளியவனாக அக்காலத்தார் எண்ணவில்லை. உரிய மூலிகையை உரிய பருவத்தில் இனங்கண்டு கொணராவிடில் மருத்துவனின் அறிவு முழுதும் வீணாம். ஒரு பச்சிலைக்கு மாற்றாக வேறொன்று கலந்துவிடின் அமுதம் நஞ்சாம். ஆதலின் அவன் கைக்கு உரிய மதிப்பு அளந்து கொடுக்கப்பெற்றது.

வள்ளுவர் கூறிய நான்கு கூறுகளும் இச்சாலையில் ஒருங்கே அமைந்துள்ளன. நோயாளர் பதினைவர், மருத்துவரும் அறுவையாளரும், மருந்தும் மருந்து அடுவாரும், அருகிருந்து ஊட்டும் பெண்டிர் இருவர். இவற்றின்மேல், இருளில் அஞ்சும் நோயாளிக்குத் துணையாக ஒரு விளக்கு. மருத்துவ நூல் எதுவும் விளக்கை மருந்தென்று கூறவில்லை. ஆயினும், நள்ளிரவில் நோவோடு விழித்திருந்தவர் எவர்க்கும் அவ்விளக்கின் அருமை தெரியும். அதனை எண்ணிப் பார்த்து எண்ணெய்க்கு நிவந்தம் அமைத்த உள்ளமே மெய்யான மருத்துவ உள்ளம் எனலாம்.

மருந்துப் பட்டியல்

ஆதுலர் சாலையில் ஓராண்டிற்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகள் ஏறத்தாழ இருபதின் பெயர்களையும் அளவுகளையும் கல்வெட்டு நிரல்படக் கூறுகின்றது. வாசாஹரீதகி, தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி, கோமூத்திர ஹரீதகி என்பன அவற்றுட் சில. ஹரீதகி என்பது கடுக்காய். வாசா என்பது ஆடாதோடை. தசமூலம் என்பது பத்து வேர்களின் தொகுதி. பல்லாதகம் என்பது சேங்கொட்டை. பலாகேரண்ட தைலம், லசுனாத்யேரண்ட தைலம் முதலிய எண்ணெய்களும் அப்பட்டியலில் உள. ஏரண்டம் என்பது ஆமணக்கு. லசுனம் என்பது பூண்டு. வில்வத்தை முதன்மையாகக் கொண்ட பில்வாதி நெய்யும், கலியாண லவணம் என்னும் உப்பு மருந்தும், விமலை, சுநேத்திரி முதலிய பெயருடைய மருந்துகளும் கூறப்பெறுகின்றன. இவற்றுட் பல ஆயுர்வேத நூல்களிற் காணப்படுவனவே.

ஆடாதோடையும் கடுக்காயும் ஆமணக்கும் பூண்டும் வில்வமும் தமிழகத்துப் பாட்டிமார் இன்றளவும் அறிந்தவை. எனினும் கல்வெட்டுக் காலத்தார் அவற்றைக் கண்டவாறு கையாளவில்லை. இன்ன மருந்து இத்துணை நாழி, இன்ன மருந்து இத்துணை எண்ணிக்கை என்று வரையறுத்தனர். கற்ற மருத்துவனையும் பழகிய கையையும் அதற்கென அமர்த்தினர். நாட்டு மருந்து என்பதனால் அளவின்றி உண்ணலாம் என்று கருதுவது முன்னோர் நெறியன்று. அளவே மருந்து; அளவு தப்பியது நஞ்சு.

பிறநாட்டுச் சைவ மடத்தில்

இவ்வறம் தமிழகத்திற்கே உரியதாக நின்றுவிடவில்லை. தெலுங்கு நாட்டில், இன்றைய குண்டூர்ப் பகுதியைச் சார்ந்த மல்காபுரத்தில், கி. பி. 1261ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. காகதீய அரசி உருத்திரமாதேவி தன் குருவாகிய விசுவேசுவர சிவாசாரியர்க்கு ஊர் வழங்கிய செய்தியை அது கூறும். ஆசாரியர் அவ்வருவாயைப் பகுத்து, சிவபெருமான் வழிபாட்டிற்கும் மாணவர்க்கும் மடத்திற்கும் ஒதுக்கியதோடு, பிரசூதிசாலைக்கும் ஆரோக்கியசாலைக்கும் ஒரு பங்கு வைத்தார். பிரசூதிசாலை என்பது மகப்பேற்று இல்லம். துறவு பூண்ட ஆசாரியர் ஒருவர் கருவுற்ற தாயின் வேதனையை எண்ணி ஊர் வருவாயை ஒதுக்கினார் என்பது, துறவு என்பது உலகை மறத்தலன்று என்பதைக் காட்டும்.

திருவரங்கத்து ஆரோக்கியசாலை

அதே 13ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் வீரராமநாதன் ஆட்சியில், கி. பி. 1257ஆம் ஆண்டை ஒட்டி, சிங்கண்ண தண்டநாயகன் என்னும் படைத்தலைவன் திருவரங்கம் பெரியகோயிலில் ஆரோக்கியசாலை ஒன்றனை நிறுவினான். அதனை நடத்தும் பொறுப்புக் கருடவாகன பட்டர் என்னும் மருத்துவரிடம் ஒப்படைக்கப்பெற்றது.

14ஆம் நூற்றாண்டில் திருவரங்கம் படையெடுப்புக்களால் பெருந்துயர் உற்றது. அரங்கன் திருமேனியே ஊர்விட்டு ஊர் எழுந்தருள நேர்ந்த காலம் அது. கோயிலுக்குற்ற அழிவில் ஆரோக்கியசாலையும் அழிந்தது. அதனோடு அவ்வறம் முடிந்திருக்கலாம். ஆயின் முடியவில்லை. சகம் 1415, அஃதாவது கி. பி. 1493ஆம் ஆண்டில், அம்மருத்துவர் பெயர் தாங்கிய சீனிவாசன் என்னும் கருடவாகன பட்டர் அவ்வாரோக்கியசாலையைப் புதுப்பித்து, அங்கே தன்வந்திரி எம்பெருமானை எழுந்தருளுவித்தார் என்று கல்வெட்டுக் கூறுகின்றது. முதற்சாலை தோன்றி ஏறத்தாழ 236 ஆண்டுகள் கழிந்தபின், முன்னோன் பெயர் தாங்கிய ஒருவரால் அவ்வறம் உயிர்பெற்றது. திருவரங்கத்தில் தன்வந்திரி சந்நிதி இன்றும் உளது. அரங்கனுக்குக் கஷாயம் அமுது செய்விக்கும் வழக்கமும் அம்மரபின் எச்சமே.

அனைத்துலகையும் காக்கும் பெருமானுக்குக் கஷாயம் எதற்கு என்று வினவுவார் இருக்கலாம். அன்பின் கண்ணுக்கு இறைவன் குழந்தையும் ஆவான். விருந்துண்டவனுக்குச் செரிமானம் வேண்டுமே என்று பத்தன் கவல்கின்றான். அந்தக் கவலை இறைவனிடம் தொடங்கி அடியவரிடம் பரவும்போது ஆதுலர் சாலை பிறக்கின்றது.

தஞ்சையில் தன்வந்திரி மகால்

குந்தவைப் பிராட்டியார் ஆதுலர் சாலை கண்ட அதே தஞ்சையில், எட்டு நூற்றாண்டுகட்குப்பின் மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி (1798–1832) தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தைப் போற்றி வளர்த்தார். சித்தம், ஆயுர்வேதம், யூனானி ஆகிய முறைகளை அறிந்தாரும் மேனாட்டு மருத்துவம் கற்றாரும் அங்கே கூடினர். கைகண்ட மருந்துகள் தமிழ்ச் செய்யுளாக யாக்கப்பெற்று, சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரால் பிற்காலத்தே சரசுவதி மகால் நூலகத்தாரால் வெளியிடப்பெற்றன. கண்ணோயாளரின் நோய்க்குறிப்புக்கள் கண்ணின் ஓவியங்களோடு எழுதி வைக்கப்பெற்றன. பயன்பட்டது எது, படாதது எது என்று பார்த்து எழுதும் வழக்கம் எம்மருத்துவ முறைக்கும் உயிர்நாடியாகும்.

மேலும், இராமேசுவரத்திற்குச் செல்லும் யாத்திரிகர்க்கெனத் தஞ்சை மன்னர்கள் அமைத்த சத்திரங்களில் உணவோடு மருத்துவமும் கிடைத்தது. நோயுற்ற வழிப்போக்கர் நலம் பெறும் வரையில் அங்கே தங்கினர். வழியிற் பேறுகாலம் அடைந்த பெண்டிரும் பேணப்பெற்றனர். இவ்வறங்களைத் தம் குலத்தின் பெருமையாகச் சரபோஜி 1801இல் ஆங்கில அதிகாரிக்கு எழுதிய கடிதத்திற் குறித்துள்ளார்.

பின் நிகழ்ந்தவை

ஆங்கில ஆட்சியில் கோயில் நிலங்களும் நிவந்தங்களும் பலவாறு மாறின. நாட்டு மருத்துவம் ஆதரவிழந்தது. ஏடுகள் பல செல்லரித்தன. 1921இல் சென்னை அரசாங்கம் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்து நாட்டு மருத்துவ முறைகளைப்பற்றி ஆராயச் செய்தது. அதன் பயனாகச் சித்தம், ஆயுர்வேதம், யூனானி ஆகியவற்றைப் பயிற்றும் பள்ளி சென்னையில் 1924இல் தொடங்கப்பெற்றது. 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தோன்றியது. 2005இல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பெற்றது. திருப்பதித் தேவஸ்தானம் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றனை நடத்துகின்றது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் தமிழகத்துப் பெருங்கோயில்கள் சிலவற்றில் பத்தர்களுக்கென முதலுதவி மருத்துவ மையங்கள் திறக்கப்பெற்றன. அறுந்த இழை மெல்ல மெல்ல மீண்டும் நூற்கப்படுகின்றது எனலாம்.

எனினும் இருவகைப் பிழைகள் இன்றும் காணப்படுகின்றன. ஒருசாரார், மருந்தே போதும், வழிபாட்டால் நோயாளிக்கு ஆவதென்ன என்பர். நோயாளன் எலும்பும் தசையும் மட்டுமல்லன் என்பதை அவர் மறந்தனர். மற்றொருசாரார், நேர்த்திக்கடனும் திருநீறுமே போதும் என்று மருத்துவரை நாடாது காலங்கடத்துகின்றனர். அன்றேல் கற்றறியாதார் தரும் பொடிகளையும் பற்பங்களையும் நம்பி உயிரை இடருக்கு உள்ளாக்குகின்றனர். பின்னையோர் தம்மைப் பத்தியிற் சிறந்தாராக எண்ணுவதே வருந்தத்தக்கது. சோழர் காலத்துப் பெருமாள் கோயில் நிருவாகத்தாரினும் பத்தியிற் சிறந்தார் யார்? அவர்களே தம் பெருமாளின் திருமுற்றத்தில் அறுவை மருத்துவனை அமர்த்தி ஆண்டுதோறும் 30 கலம் நெல் அளந்தனர். திருவருள் மருத்துவனின் கை வழியாகவும் வரும் என்று அவர்கள் அறிந்திருந்தனர். கத்தி பிடித்த அக்கையையும் தீபம் பிடித்த கையைப் போன்றே இறைபணியாக மதித்தனர்.

கொடையாளர் நினைவிற்கு

ஆதுலர் சாலைகள் யாவும் கொடையால் எழுந்தவை. கொடை நின்றபோது அவையும் நின்றன. திருமுக்கூடல் திருக்கோயில் இன்றும் உளது, கல்வெட்டும் உளது, வீரசோழன் ஆதுலர் சாலை இன்றில்லை. கல்லிற் பொறித்தது அழியவில்லை. ஆயின் அதன்வழி நடப்பார் இல்லாதுபோகவே அறம் மறைந்தது. திருவரங்கத்திலோ அழிந்த சாலையை மீண்டும் எடுக்க ஒருவர் தோன்றினார், அறம் எழுந்தது. அறக்கட்டளை என்பது பொன்னையும் நிலத்தையும் மட்டும் பொறுத்தது அன்று. தலைமுறைதோறும் அதனைத் தம்முடையது என்று எண்ணும் ஒருவரையேனும் பொறுத்தது.

குடமுழுக்கு நன்னாளில் கோபுரத்துக் கலசங்களின்மேல் புனித நீர் பொழிகின்றது. அந்நீர் கீழே நிற்பார் அனைவர்மேலும் தெளிக்கப்பெறுகின்றது. நோயாளர் நலிந்தோர் என்ற வேறுபாடு அதற்கில்லை. அத்தகைய ஈரம் ஆண்டு முழுதும் திருக்கோயிலில் நிலைபெற வேண்டுமாயின், திருப்பணிக்கு அள்ளிக் கொடுத்த கைகள் நோயாளர்க்கும் ஒரு நாழி அளத்தல் வேண்டும். பெரிய மருத்துவமனை எழுப்புதல் எல்லார்க்கும் இயலாது. நந்தவனத்தில் ஆடாதோடையும் துளசியும் வில்வமும் வேம்பும் நட்டுப் பேணலாம். வாரத்தில் ஒருநாள் கற்ற மருத்துவர் ஒருவரை மண்டபத்தில் இருத்தி எளியோர்க்கு வழிகாட்டச் செய்யலாம். மருத்துவமனையிற் கிடப்போர்க்கும் அவர்க்குத் துணையிருப்போர்க்கும் கோயில் மடைப்பள்ளியிலிருந்து உணவு அனுப்பலாம். உறவினர் இல்லாத முதியோர் ஒருவரின் அருகே சென்று சிறிதுபொழுது அமர்ந்திருக்கலாம். இவை யாவும் வள்ளுவர் கூறிய நான்காம் கூறே ஆகும். அதற்குப் பொருள் மிக வேண்டா, நெஞ்சில் ஈரமே வேண்டும்.

திருமூலர் உடம்பினை இறைவன் கோயில்கொண்ட இடமாகக் கண்டார். அங்ஙனமாயின், நலிந்த உடம்பொன்றைப் பேணுவதும் பழுதுற்ற கோயிலொன்றைப் புதுக்குவதே ஆம். கல்லாலாகிய கோயிலுக்குத் திருப்பணி செய்து மகிழும் பெருமக்கள், ஊனாலாகிய கோயில்களுக்கும் திருப்பணி செய்து பெருமகிழ்ச்சி எய்துவாராக. புள்ளிருக்குவேளூர் வைத்தியநாதனும், அரங்கத்துத் தன்வந்திரிப் பெருமானும் நோயெல்லாம் தீர்த்து, நல்லோர் கைகளிலெல்லாம் மருந்தாகி விளங்குவாராக. திருக்கோயில்தோறும் நோயாளர் அருகே ஒரு விளக்கு எரிவதாக!